ஜெசிந்தா பெயரில் ஒரு புள்ளி

ஜனவரி 29, திங்கள்

பால் பொங்கி அடுப்பெல்லாம் வழிந்துவிட்டது. அடுப்புக்கு நேர் முன்னால்தான் நின்றுகொண்டிருந்தேன். கண்ணும் திறந்துதான் இருந்தது என்று நினைக்கிறேன்.

இந்த டைரி பெயிண்ட் கடையிலிருந்து வந்தது. வருடா வருடம் என் வீட்டுக்காரருக்கு ஒன்று கொடுத்தனுப்புவார்கள். கரூரில் பஸ்ஸுக்குக் கூடு கட்டும் பட்டறையில் அவர் சூப்பர்வைசர். எந்த வண்டிக்கு எந்த நிறம் என்று அதில்தான் குறித்துவைப்பார். போன ஆடியில் அவருக்குப் பக்கவாதம் வந்தது. வலது பக்கம் போயிற்று, கூடவே பேச்சும் போயிற்று. இந்த வருடம் டைரி சும்மாதானே கிடக்கிறது என்று நான் எடுத்துக்கொண்டேன். அவர் நோயைப் பற்றி ஒரு தடவை எழுதியாயிற்று. இனி எழுதப்போவதில்லை.

எனக்கு இன்னொரு வீடு இருக்கிறது. ‘கொடியடுப்பு’ என்று பெயர். இணையத்தில் பெண்கள் கூடிப் பேசுகிற இடம். காலையில் முதலில் வருகிறவள் அன்றைய பக்கத்தைத் திறப்பாள். மற்றவர்கள் வந்து ஒரு புள்ளி வைத்துவிட்டு, இன்றைக்கு என்ன சமையல், வீட்டில் என்ன கூத்து என்று எழுதுவோம். கோலத்துக்கு வைப்பது போலத்தான் ஆரம்பித்தது. பிறகு தேனியில் ஒரு பெண் குளியலறையில் வழுக்கி விழுந்து இரண்டு நாள் யாருக்கும் தெரியாமல் கிடந்தாள். அன்றிலிருந்து தேவகோட்டை வள்ளிக்கண்ணு ஆச்சி ஒரு சட்டம் போட்டுவிட்டார். இரண்டு நாள் ஒருத்தியின் புள்ளியைக் காணவில்லை என்றால் ஆச்சி போன் செய்துவிடுவார். ஒருத்திக்காக இன்னொருத்தி புள்ளி வைக்கக் கூடாது என்பதும் சட்டம்.

அந்தச் சட்டத்தைத்தான் நான் இன்று மீறினேன். தூத்துக்குடி ஜெசிந்தா தனியாகச் செய்தி அனுப்பியிருந்தாள். அவள் ஊர் வழக்கப்படி என்னை மைனி, அதாவது அண்ணி, என்றுதான் கூப்பிடுவாள். “மைனி, ஒரு சின்ன ஆபரேஷன். ஒரு வாரம் என் பேர்ல புள்ளி வச்சிருங்க. ஆச்சிக்குத் தெரிஞ்சா ஊரைக் கூட்டிருவாவ. யார்ட்டயும் சொல்லிராதிய.” கூடவே பாஸ்வேர்டையும் எழுதியிருந்தாள்.

என்ன ஆபரேஷன் என்று கேட்டேன். பதில் இல்லை. கண்ணாக இருக்கும். கண்ணாடி மாற்ற வேண்டும் என்று பொங்கலுக்கு முன்னால் சொல்லிக்கொண்டிருந்தாள்.


ஜனவரி 31, புதன்

இரண்டு பேருக்கும் புள்ளி வைத்தேன். குழம்பில் உப்பு இரண்டு தடவை விழுந்திருக்கிறது.


பிப்ரவரி 2, வெள்ளி

ஷார்ஜாவிலிருந்து ரஹ்மத் கேட்டுவிட்டாள். “ஜெசி லாத்தா, வெறும் புள்ளி மட்டும் வச்சுட்டுப் போறீங்களே, என்ன சமையல்? கோவமா?”

ரஹ்மத்துக்குச் சொந்த ஊர் காயல்பட்டினம். லாத்தா என்றால் அவர்கள் பேச்சில் அக்கா. தூத்துக்குடிக்குப் பக்கத்து ஊர் என்பதால் ஜெசி மேல் அவளுக்குத் தனி உரிமை. பதில் எழுதாவிட்டால் சந்தேகம் வரும். ஜெசியின் பழைய பேச்சையெல்லாம் ஒரு தடவை மேலிருந்து கீழ் படித்துப் பார்த்துவிட்டு, அவள் எழுதுவது மாதிரியே எழுதினேன்.

“கோவமெல்லாம் இல்லளா. அவிய சாளை வாங்கிட்டு வந்தாவ. ஆய்ஞ்சு முடிக்கதுக்குள்ள இடுப்பு ஒடிஞ்சு போச்சு.”

உடனே நாலு பேர் சிரித்தார்கள். எனக்கும் சிரிப்பு வந்தது. நான் பிறந்ததிலிருந்து மீனைக் கையால் தொட்டதில்லை.


பிப்ரவரி 5, திங்கள்

ஒரு வாரம் முடிந்தது. ஜெசி வரவில்லை. போன் செய்து பார்த்தேன், அணைத்து வைத்திருக்கிறது. ஆஸ்பத்திரி என்றால் ஒன்றிரண்டு நாள் முன்பின் ஆகத்தான் செய்யும்.

அவரைக் குளிப்பாட்டி, முதுகில் பவுடர் போட்டு, துணி மாற்றி முடிக்கும்போது பதினொரு மணி ஆகிவிடுகிறது. படுக்கைப் புண் வராமல் இருக்க ராத்திரியில் அவ்வப்போது திருப்பிப் படுக்கவைக்க வேண்டும். அது ஒன்றும் பெரிய வேலை இல்லை. வேலை என்று சொல்வதானால், ஆறுதல் சொல்ல வருகிறவர்களுக்குக் காபி போடுவதுதான் வேலை. ஆடியில் ஊரே வந்தது. ஹார்லிக்ஸ் பாட்டிலும் ஆப்பிளுமாக வந்து, கட்டிலைச் சுற்றி உட்கார்ந்து, அவர் காதுபடவே “எப்படி இருந்த மனுசன்” என்றார்கள். பட்டறை ஆட்கள் வந்தபோது அவர் சுவர் பக்கம் திரும்பிக்கொண்டார். அதற்கப்புறம் நான் யாரையும் உள்ளே விடுவதில்லை. வெளி ஆள் குரல் கேட்டாலே கண்ணை மூடிக்கொள்கிறார்.

கொடியடுப்பில் இதைச் சொல்லவில்லை. அங்கே அவர் இன்னும் பட்டறைக்குப் போய் வருகிறார். ஒரு இடத்திலாவது போய் வரட்டுமே.


பிப்ரவரி 8, வியாழன்

இன்று ஜெசி பெயரில் கொஞ்சம் பெரிதாகவே எழுதிவிட்டேன். புட்டு அவித்தேன், குழாயில் பாதி நின்றுவிட்டது, அதைப் பார்த்து வீட்டுக்காரர் கேலி செய்தார் என்று ஆரம்பித்தது.

“‘ஏட்டி, புட்டுக் குழல்ல சிமெண்டு போட்டியா? நம்ம துறைமுகத்துக்குக் குடுத்தா கப்பல் மோதுனாலும் உடையாது’ன்னு சொல்லுதாவ. நானும் விடல. ‘ஒங்க அம்மா அவிச்ச புட்டுலதான் கலங்கரை விளக்கமே கட்டுனாவளாம்’னு சொன்னேம். சிரிச்சு சிரிச்சு அவியளுக்குப் புரை ஏறிட்டு.”

ஜெசியின் வீட்டுக்காரர் பெயர் ராயப்பன். துறைமுகத்துக்குப் பக்கத்தில் ஒரு சரக்கு அலுவலகத்தில் கணக்கு எழுதுகிறார் என்பதற்கு மேல் எனக்கு ஒன்றும் தெரியாது. ஆனால் எழுத உட்கார்ந்தால் அந்த மனிதர் தானாகப் பேசுகிறார், நான் கூடவே தட்டச்சு செய்கிறேன், அவ்வளவுதான்.

ஆச்சி எழுதினார்: “உங்கவுகளுக்கு இப்பத்தேன் வாய் தெறந்திருக்கா ஜெசி? இத்தனை வருசமா அவுகளப் பத்தி நீ ஒரு வார்த்தை சொன்னதில்லையே ஆத்தா.”

என் பெயரில் புள்ளி வைத்து, ‘சாம்பார்’ என்று எழுதினேன்.


பிப்ரவரி 9, வெள்ளி

ஜெசி போன் அணைந்தே இருக்கிறது. நாளைக்கு மறுபடி பார்க்கலாம்.


பிப்ரவரி 11, ஞாயிறு

ஈரோட்டிலிருந்து நிரஞ்சனா பேசினாள். மகள் என்றால் ஞாயிற்றுக்கிழமை புத்தி சொல்வதற்கென்றே பெற்றது போல ஆகிவிட்டது.

“ஏம்மா, ஒரு ஆள் வெச்சுக்கலாம்மா. ராத்திரிக்கு மட்டுமாச்சும்.”

“வெளியாள் வந்தா உங்கப்பா மூஞ்சியத் திருப்பிக்குவாரு கண்ணு. எனக்கென்ன, நல்லாத்தான் இருக்கறேன்.”

“நல்லாத்தான் இருக்கீங்களா? போன வாரம் நான் பேசிட்டிருக்கும்போதே தூங்கிட்டீங்க.”

அவள் சொல்வதெல்லாம் கொஞ்சம் கூடுதலாகத்தான் இருக்கும், சின்ன வயதிலிருந்தே அப்படி. பேரனுக்குக் காது குத்துவதைப் பற்றி ஏதோ சொல்லிக்கொண்டிருந்தாள். பிறகு திடீரென்று “அம்மா, அம்மா, லைன்ல இருக்கீங்களா?” என்று கத்தினாள். எதற்குக் கத்தினாள் என்று தெரியவில்லை. லைனில்தான் இருந்தேன்.

போனை அவர் காதில் வைத்தேன். மகள் “அப்பா” என்றதும் கண்ணை மூடிக்கொண்டார். எங்களுக்குள் மட்டும் அவர் ஒன்றிரண்டு வார்த்தை பேசுவார். ‘அண்ணி’ என்றால் தண்ணீர். ‘ஓவ’ என்றால் கோதை, அதாவது நான். மற்றதெல்லாம் முகத்தைப் பார்த்து, வாய் போகிற போக்கைப் பார்த்துத் தெரிந்துகொள்வதுதான். பிள்ளை பெற்றவளுக்கு மழலை புரியாதா? அது மாதிரிதான்.

சாயங்காலம் ஜெசியும் அவள் வீட்டுக்காரரும் கடற்கரைக்குப் போய் வந்தார்கள். சுண்டல் வாங்கியதில் சண்டை. நிறையப் பேர் ரசித்தார்கள்.


பிப்ரவரி 14, புதன்

காதலர் தினமாம். கொடியடுப்பில் காலையிலேயே கலாட்டா தொடங்கிவிட்டது. அவரவர் வீட்டுக்காரர் என்ன வாங்கிக் கொடுத்தார் என்று உண்மையைச் சொல்ல வேண்டும் என்று யாரோ கொளுத்திப் போட்டாள்.

ஆச்சி: “ரோசாப்பூ வாங்கியாங்கன்னு சொன்னேன். ரோஸ்மில்க் வாங்கியாந்து நிக்கிறாக. ரெண்டுலயும் ரோஸ்தானே இருக்குன்னு கேக்குறாக. நான் என்னத்தச் சொல்ல?”

ரஹ்மத்: “எங்க வீட்டுல இன்னைக்கி என்ன நாளுன்டு கேட்டேன். புதன்கிழமைண்டாங்க.”

நான் ஜெசி பெயரில் எழுதினேன்: “அவிய ஆபீசுக்கு லீவு போட்டுட்டு அடுப்படிக்கு வந்துட்டாவ. என்னைய முக்காலில உக்கார வச்சு, ‘நீ எந்திரிக்கக் கூடாது, இன்னைக்கு முழுக்க ஒனக்கு லீவு’ன்னு சொல்லிட்டு, அவியளே கோழி பிரியாணி செஞ்சாவ. கறி வேகவே இல்ல. ஆனா நல்லாருக்குன்னு சொல்லிட்டேம். ‘பொய் சொல்லுத, ஒன் மூக்கு சிவக்குது’ன்னாவ.”

இதை எழுதி முடித்துவிட்டுக் கொஞ்ச நேரம் அதையே பார்த்துக்கொண்டிருந்தேன். ஏன் என்று தெரியவில்லை, கண் எரிந்தது. போன் வெளிச்சம் ஆகாது என்று கண் டாக்டர் சொல்லியிருக்கிறார்.

பிறகு என் பெயரில் புள்ளி வைத்தேன். ‘சாம்பார்.’

ஆச்சி விடவில்லை. “கோதை, ஜெசி நாளுக்கு நாள் வளந்துக்கிட்டே போறா, நீ நாளுக்கு நாள் சுருங்கிக்கிட்டே போறே. உங்கவுக ஒண்ணும் வாங்கித் தரலயா?”

பட்டறையில் வேலை அதிகம், இனிமேல்தான் வருவார் என்று எழுதினேன்.


பிப்ரவரி 15, வியாழன்

ஜெசியின் செய்திப் பெட்டிக்குள் ரஹ்மத்திடமிருந்து தனிச் செய்தி வந்திருந்தது.

“நேத்து சாம்பல் புதன். நான் கன்னியாஸ்திரி அம்மாமாருட்ட படிச்சவ, எனக்குத் தெரியும். ஜெசி லாத்தா தவக்காலம் ஆரம்பிச்சா ஈஸ்டர் வரைக்கும் கறி தொடமாட்டாங்க, தேத்தண்ணி கூட விட்டுருவாங்க. போன வருசம் தலைவலிக்குதுன்டு எங்கிட்ட அழுதாங்க. சாம்பல் புதனன்னைக்கி அவங்க கோழி தின்னாங்களா? இது யாரு?”

‘இது யாரு’ என்பதை மட்டும் பல தடவை படித்தேன். போனை அணைத்துவிட்டுப் பாத்திரம் கழுவினேன். கழுவிய பாத்திரத்தையே மறுபடி கழுவிக்கொண்டிருந்தேன் போலிருக்கிறது. கை விரலெல்லாம் ஊறிவிட்டது. தலைக்கு மேல் வெள்ளம் போனால் சாண் என்ன, முழம் என்ன?

மத்தியானம் ஆச்சி கூப்பிட்டார்.

“கோதை, ஜெசி போன் அடைச்சே கெடக்கு. ரஹ்மத்து என்னமோ சொல்றா. உனக்கு ஏதும் தெரியுமாத்தா?”

சொல்லிவிட்டேன். எல்லாவற்றையும் சொன்னேன்.

“முழுப் பூசணிக்காயச் சோத்துல மறைப்பாகன்னு கேட்டிருக்கேன். நீ ஒரு ஆளையே மறைச்சிட்டியே! அந்தப் புள்ளி எதுக்காக வைக்கிறதுன்னு உனக்குத் தெரியாதா? நீ வைக்காம இருந்திருந்தா நான் மூணாம் நாளே கூப்பிட்டிருப்பேன்ல?”

“அவங்கதாங்க கேட்டாங்க ஆச்சி.”

“ஒரு வாரத்துக்குத்தானே கேட்டா? மிச்ச நாளு யாரு கேட்டா?”

ஆச்சி போனை வைத்துவிட்டார். எனக்குக் கோபம்தான் வந்தது. வீட்டில் மூன்று வேலைக்காரர்களை வைத்துக்கொண்டு ரோஸ்மில்க் குடிக்கிறவர்களுக்கு என்ன தெரியும் என்று நினைத்தேன். நினைத்த பிறகு அந்தக் கோபமும் நிற்கவில்லை. ஆச்சி கேட்டது சரிதான்.


பிப்ரவரி 16, வெள்ளி

ரஹ்மத்தின் தம்பி காயல்பட்டினத்திலிருந்து தூத்துக்குடிக்குப் போய்ப் பார்த்திருக்கிறார். வீடு பூட்டியிருக்கிறது. எதிர்வீட்டு அம்மா சொன்னாராம்: “வாயில ஏதோ கட்டின்னு மதுரைக்குக் கூட்டிட்டுப் போயிருக்காவ. போகும்போதே மொகம் வாடிப் போச்சு.”

ஆச்சி அந்தப் பகுதி சர்ச்சின் சாமியாரைப் பிடித்து, ஜெசியின் மகன் எண்ணை வாங்கிவிட்டார். ஆச்சி நினைத்தால் யாரையும் பிடித்துவிடுவார். மகனிடம் பேசியதைச் சாயங்காலம் எனக்குச் சொன்னார். குரலில் நேற்றைய கோபம் இல்லை. நாக்கில் புற்று. நாக்கில் பெரும்பகுதியை எடுத்துவிட்டார்கள். மூக்கு வழியாகக் குழாய் போட்டுக் கஞ்சி ஊற்றுகிறார்கள். பேச்சு சரியாக வரவில்லை. அடுத்து கரண்ட் வைக்க வேண்டுமாம், கதிர்வீச்சைத்தான் அப்படிச் சொல்கிறார்கள்.

நான் அவளுக்குச் சாளைக் குழம்பு வைத்தேன். புட்டு அவித்தேன். வேகாத கோழியைத் தின்னவைத்தேன். அவள் செத்தே போயிருந்தாலும் நான் அவள் பெயரில் கடற்கரைக்குப் போய்ச் சுண்டல் வாங்கிக்கொண்டுதான் இருந்திருப்பேன்.

அவர் என் முகத்தைப் பார்த்துவிட்டு “என்ன” என்பது போல் புருவத்தைத் தூக்கினார். ஒன்றும் இல்லை என்றேன்.


பிப்ரவரி 17, சனி

இன்று ஜெசி பெயரில் புள்ளி வைக்கவில்லை. நடந்ததை எல்லோருக்கும் எழுதி மன்னிப்புக் கேட்டேன். சிலர் பரவாயில்லை என்றார்கள். ரஹ்மத் ஒன்றும் எழுதவில்லை. ஏன் அப்படிச் செய்தேன் என்று ஒருத்தி கேட்டிருந்தாள். சும்மா, விளையாட்டாக ஆரம்பித்தது என்று எழுதினேன்.


பிப்ரவரி 18, ஞாயிறு

தாளிக்கக் கடுகு போட்டதுதான் ஞாபகம். பிறகு சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தேன். எண்ணெய்ச் சட்டி கறுத்துப்போய், வீடெல்லாம் புகை. அவர்தான் இடது கையால் கட்டில் சட்டத்தைத் தட்டித் தட்டி எழுப்பினார். ஜெசி நினைப்பில் கவனம் தப்பிவிட்டது.


பிப்ரவரி 20, செவ்வாய்

நேற்றே எழுதியிருக்க வேண்டியது.

நேற்று மத்தியானம் புது எண்ணிலிருந்து அழைப்பு வந்தது. ஜெசியின் மகன் ரெக்ஸன்.

“ஆன்ட்டி, அம்மா உங்கட்ட பேசணும்னு ஒரே அடம். ஆனா பேசுறது புரியாது ஆன்ட்டி, எங்களுக்கே எழுதித்தான் காட்டுவாங்க. நான் பக்கத்துல இருந்து எழுதச் சொல்லி உங்களுக்குச் சொல்லுதேன்.”

“குடுங்க கண்ணு. கேட்டுத்தான் பாக்கறனே.”

என்ன திட்டினாலும் வாங்கிக்கொள்ள வேண்டியதுதான் என்று கதவுக்குப் பின்னால் நின்றுகொண்டேன். கொஞ்ச நேரம் மூச்சு மட்டும் கேட்டது. பிறகு குரல் வந்தது. வாய் நிறையப் பஞ்சை அடைத்துக்கொண்டு பேசுவது போல, ஓர் எழுத்தும் உருவாகாமல், வழுக்கி வழுக்கி வந்தது. அதைக் கேட்டபடியே எழுத எனக்குத் தெரியாது. அவள் சொன்னதை மட்டும் எழுதுகிறேன்.

“மைனி, சாளைக் கொழம்புல நீங்க புளியே ஊத்தல. அதப் படிச்சப்பயே எனக்குப் பொறுக்கல.”

“எனக்கு எங்கீங்க மீனப் பத்தித் தெரியும்?” என்றேன். “ஜெசி, நீங்க அதையெல்லாம் படிச்சீங்களா?”

“தெனமும் பிள்ள போன்ல படிச்சேன். எம் போனுதான் அணைச்சுக் கெடக்கு, யாராச்சும் கூப்பிட்டா என்னத்தப் பேச? மூக்கு வழியா கஞ்சி போகும். அந்நேரம் நீங்க எழுதுனதப் படிப்பேம். புட்டு, சுண்டல் எல்லாம் வரும். நான் இன்னைக்கு என்ன சாப்பிட்டேம்னு நானே பாத்துக்கிடுவேம். உங்களுக்கு ஒரு வார்த்தை எழுதுவோம்னு கையில எடுப்பேம். எழுதிட்டா நீங்க நிறுத்திருவிய. அதான் விட்டுட்டேம்.”

மன்னித்துவிடுங்கள் என்று நான் ஆரம்பித்தேன். அவள் காதில் வாங்கவில்லை.

“சாம்பல் புதன்ல கோழி தின்ன வச்ச பாவத்த மட்டும் நீங்கதான் சாமியார்ட்ட போய்ச் சொல்லணும். எங்க அவியளுக்கும் படிச்சுக் காட்டுனேம். ஒரு நாளைக்கு நாலு வார்த்தை பேசுத மனுசன். முழுசும் கேட்டுட்டு, ‘இதெல்லாம் நான் எப்ப சொன்னேம்?’னு கேட்டாவ. அதுவே அன்னைக்குக் கூடுதல் பேச்சு.” அவள் சிரித்தது இருமல் போலக் கேட்டது. “அந்தப் பேச்செல்லாம் யாரு பேச்சு மைனி?”

நான் கதவுத் தாழ்ப்பாளைத் திருகிக்கொண்டிருந்தேன். அவளே மறுபடி கேட்டாள்:

“இன்னொண்ணு கேக்கேன். நர்ஸுக்குப் புரியல. டாக்டருக்குப் புரியல. பெத்த பிள்ளைக்குப் புரியல, இந்தா, வாயப் பாத்துக்கிட்டே உக்காந்திருக்கான். உங்களுக்கு எப்படி மைனி ஒரு வார்த்தை விடாமப் புரியுது?”

சொல்வதற்கு ஒரு பொய்கூட அந்த நேரத்துக்கு வரவில்லை. உள்ளேயிருந்து அவர் கூப்பிட்டார். இவ்வளவு நேரம் யாரிடம் பேசுகிறாள் என்று பார்த்திருப்பார். வழக்கத்தைவிடச் சத்தமாகக் கூப்பிட்டார்.

“அது யாரு மைனி?”

“என்ற ஊட்டுக்காரருங்க.”

அவள் மெல்லக் கேட்டாள், “எப்ப இருந்து?”

“ஆடியில இருந்துங்க. பக்கவாதம்.”

“எங்க யாருக்கும் சொல்லலியே மைனி.”

“நீங்களும்தான் சொல்லல.”

“ஆமா,” என்றாள். “போன அண்ணங்கிட்ட குடுங்க.”

“அவரு யாருகிட்டயும் பேசமாட்டாருங்க. பெத்த புள்ளகிட்டயே பேசறதில்ல.”

“நானுந்தான் யார்ட்டயும் பேசமாட்டேம். நீங்க குடுங்க.”

கட்டிலில் உட்கார்ந்து, சத்தமாகக் கேட்கும்படி வைத்து, போனை அவர் வாய்ப் பக்கம் பிடித்தேன். அவர் கண்ணை மூடப் போனார். அதற்குள் அவள் குரல் வந்துவிட்டது. “அண்ணே, நான் ஜெசிந்தா. நாக்கு இல்லாதவ பேசுதேன்.” அந்தக் குரலைக் கேட்டதும் அவர் கண்ணைத் திறந்து என்னைப் பார்த்தார். புரியவில்லை என்று தெரிந்தது. அவள் சொன்னதை நான் திருப்பிச் சொன்னேன். மறுபடி போனைப் பார்த்தார். சுவர் பக்கம் திரும்பவில்லை.

“மைனி எப்படி இருக்காவ அண்ணே? அவியகிட்ட கேட்டா சாம்பார்னு மட்டும்தான் சொல்லுவாவ. நீங்க சொல்லுங்க.”

அதையும் சொன்னேன். அவர் வாயைத் திறந்தார். எச்சில் வழிந்தது, துடைக்கப் போன என் கையை இடது கையால் தள்ளிவிட்டார். பிறகு பேசினார். தண்ணீர், கோதை என்று ஒற்றை வார்த்தையாக இல்லாமல், ஆடிக்கு அப்புறம் முதல் தடவையாக முழுசாகப் பேசினார். நின்று நின்று, மூச்சு வாங்கி, விட்ட இடத்தில் மறுபடி பிடித்து, கடைசி வரை சொல்லி முடித்தார். நெற்றியெல்லாம் வேர்த்துவிட்டது.

“என்ன சொல்லுதாவ மைனி? எனக்குப் புரியலியே,” என்றாள் ஜெசி.

‘எல்லாம் நல்லா இருக்குன்னு சொல்றாருங்க’ என்பது நாக்கின் நுனி வரை வந்துவிட்டது. எனக்கு அது கஷ்டமே இல்லை. ஒரு முழு மனிதனைப் பேசவைத்தவள் நான், ஒரு வாக்கியத்தை மாற்ற எவ்வளவு நேரம் ஆகும்? அவர் என் வாயையே பார்த்துக்கொண்டிருந்தார். நான் என்ன சொல்லப்போகிறேன் என்று அவருக்குத் தெரியும். இருபத்தெட்டு வருடம் கூட இருந்தவர்.

“‘இவ தூங்கறதே இல்ல’ன்னு சொல்றாருங்க,” என்றேன். “‘நான் செத்துப்போயிருவேன்னு பயந்துட்டு உக்காந்தே கெடக்கறா. நேத்து ஊடே எரிஞ்சிருக்கும். நான் சொன்னா கேக்கமாட்டா. யாராச்சும் இவளப் படுக்கச் சொல்லுங்க’ன்னு சொல்றாருங்க.”

இத்தனை மாதம் ஒருவரிடமும் அழாதவள், மகள் வயதுப் பையன் கேட்டுக்கொண்டிருக்கிறான் என்ற வெட்கம்கூட இல்லாமல் அழுதேன். களைப்பாக இருக்கிறது என்று சொன்னேன். என்னால் முடியவில்லை ஜெசி என்று சொன்னேன். அதை வாய் விட்டுச் சொல்லியே விட்டேன்.

ஜெசி அழவிட்டாள். முடிந்ததும் சொன்னாள்: “போய்ப் படுங்க மைனி. நானும் அண்ணனும் பேசிக்கிட்டு இருக்கோம்.”

“உங்க ரெண்டு பேருக்கும் ஒருத்தர் பேசறது ஒருத்தருக்குப் புரியாதுங்களே!”

“எங்க போகப் போறோம் ரெண்டு பேரும்? மெதுவாப் புரியட்டும். ஏதாச்சும்னா கட்டிலத் தட்டச் சொல்லுதேன். படுங்க.”

போனைத் தலையணை ஓரத்தில் சாய்த்து வைத்தேன். அவர் இடது கையால் தரையைக் காட்டினார். கட்டிலுக்குக் கீழேயே படுத்தேன், பாய்கூட விரிக்கவில்லை. அவள் ஏதோ கேட்டாள். அவர் ஏதோ சொன்னார். அவள் மறுபடி கேட்டாள்.

எழுந்தபோது விளக்கு வைக்கிற நேரம். போன் சார்ஜ் தீர்ந்து அணைந்திருந்தது. அவர் விழித்துக்கொண்டு என்னைப் பார்த்தபடி படுத்திருந்தார். இரண்டு பேரும் என்ன பேசினார்கள் என்று எனக்குத் தெரியாது. நான் தூங்கிவிட்டேன்.